சீல் உடைஞ்ச பொட்டி

எம் பொண்டாட்டி ஆறுமுகத்தாயி அவ தலையில என் கையத் தூக்கி வச்சு சத்தியம் வாங்கிட்டா. "மேடம் என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லணும். இல்லைன்னா சிரிக்கணும். வேற ஒரு வார்த்தை ஒங்க வாயில இருந்து வரக் கூடாது. கேட்டிச்சா?"

கேட்டிச்சு. கேக்காம என்ன? ஆனா என் வாய் என் பேச்ச என்னைக்குக் கேட்டிருக்கு? அதான் விடிஞ்சதுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. சங்கத்து ரூமுக்கும் டீக்கடைக்குமா பத்து நடை நடந்துட்டேன். மே மாசத்து வேக்காடு வேற. தாராவியில தகரத்துக்குக் கீழ நிக்கவன் எவனுக்கும் மே மாசத்துல நல்ல புத்தி இருக்காது.

விஷயம் என்னன்னா, எங்க சந்துல சங்கத்து ரூம்ல ஒரு ஃப்ரிட்ஜு இருக்கு. நாங்க பொட்டின்னு சொல்லுவோம். வெளிநாட்டுப் பணத்துல ஒரு ப்ராஜெக்ட் வந்துச்சு, அதுல குடுத்தது. இன்சுலின் வைக்கதுக்குன்னே செஞ்ச பொட்டி. எங்க சந்துல முப்பத்தி நாலு பேரு மருந்து அதுக்குள்ளதான் இருக்கு. பாதிப் பேரு வீட்டுல ஃப்ரிட்ஜு கிடையாது, இருக்கவன் வீட்டுலயும் கரண்டு போனா மருந்து வெந்துரும். அந்த முப்பத்தி நாலுல ஆறுமுகத்தாயியும் ஒருத்தி. எட்டு வருசமா ரெண்டு வேளையும் ஊசி. பொட்டி வாரதுக்கு முந்தி ஒரு கோடையில, மருந்து கெட்டது தெரியாம அதையே போட்டுக்கிட்டு இருந்து, ஆறு நாள் ஆஸ்பத்திரியில நெனவில்லாமக் கிடந்தா. அந்த ஆறு நாளும் நான் ஆஸ்பத்திரி வராண்டாவுலதான் உக்காந்திருந்தேன்.

ப்ராஜெக்ட் முடிஞ்சு மூணு வருசம் ஆச்சு. போகும்போது ஆபீஸ்காரங்க பொட்டி முதுகுல ஒரு சீல் ஒட்டிட்டுப் போனாவ. அஞ்சு வருசத்துக்கு பொட்டி அவுக சொத்தாம். சீலை உடைச்சு உள்ள கைய வச்சா தூக்கிட்டுப் போயிருவாவளாம். ரிப்பேர்னா போன் பண்ணுங்கன்னு பக்கத்துல ஒரு நம்பர்.

ரெண்டாவது மாசமே பொட்டி நின்னு போச்சு. சாவி வச்சிருக்க மதீனா பீவி அந்த நம்பருக்கு அடிச்சா, அடிச்சா, நாலு நாள் அடிச்சுக்கிட்டே இருந்தா. இந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னு மராத்தியில சொல்லிச்சு, ஹிந்தியில சொல்லிச்சு, இங்கிலீஷ்ல சொல்லிச்சு. அஞ்சாவது நாள் நான் சீலைக் கிழிச்சேன். என் தொழிலே ஃப்ரிட்ஜு மெக்கானிக்கு. சொரிமுத்துன்னு தொண்ணூறடி ரோட்டுல யாரக் கேட்டாலும் கை காட்டுவான். என் கையில ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்போது எம் பொண்டாட்டி மருந்து ஐஸ் கட்டியில கிடக்கணுமா? போங்கலே, நீங்களும் ஒங்க சீலும்!

பிரிச்சுப் பாத்தா கம்ப்ரசர் கல்லு மாதிரி இருக்கு. சுவரு நல்ல கனம், பத்து மணி நேரம் கரண்டு இல்லைன்னாலும் குளிரு போகாது. செஞ்சவன் வேலைக்காரன்தான், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா குளிரக் கூட்டிக் கொறைக்க போர்டு மட்டும் கருகிக் கிடக்கு. எங்க கரண்டு நூத்தி அறுபது வோல்டுக்கு எறங்கும், இருநூத்தி எழுபதுக்கு ஏறும். அந்த ஆட்டமெல்லாம் வெளிநாட்டு போர்டுக்கு எங்க தெரியும்? அதக் கழட்டித் தூரப் போட்டுட்டு நம்ம ஊரு தெர்மோஸ்டாட்ட மாட்டுனேன். முன்னால ஒரு ஸ்டெபிலைசர் வச்சேன். மருந்து உறைஞ்சாலும் செத்துரும்கதுனால ஒரு வாரம் தெர்மாமீட்டரும் கையுமா அங்கனயே உக்காந்து பாத்தேன். அன்னையில இருந்து மதீனா பீவி காலையிலயும் சாயங்காலமும் டிகிரியப் பாத்து காலண்டர்ல எழுதுதா. மூணு வருசத்துல ஒரு நாள் விட்டதில்ல. கிழிஞ்ச சீலை கம் போட்டுத் திரும்ப ஒட்டினோம். அது ஆறுமுகத்தாயி யோசனை.

இப்ப அந்த ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் வாராவ. ப்ராஜெக்ட் முடிஞ்ச பொறவும் பொட்டி நிலைச்சு நிக்குதான்னு பாத்து ரிப்போர்ட் எழுதணுமாம்.

மேடம் பேரு நாகலக்ஷ்மி, மாட்டுங்காக்காரங்க. காட்டன் சேலை, கழுத்துல ஐடி கார்டு, தோள்ல ஒரு பை. சாக்கடை மேல கிடக்க பலகையில தடுமாறாம கால வச்சு சந்துக்குள்ள வந்தாவ. அதுவே எனக்குப் பிடிச்சுப் போச்சு. மதீனா பீவி காலண்டர எடுத்துக் குடுத்ததும் மேடம் முகம் மலந்துருச்சு.

"அஞ்சு டிகிரி, ஆறு, நாலு, அஞ்சு... அடேயப்பா! பெரிய ஆஸ்பத்திரில கூட இப்படி வச்சிருக்க மாட்டா. என்ன க்வாலிட்டி பாருங்கோ இந்த மெஷின்!"

நான் சிரிச்சேன்.

"உள்ள யாரும் கை வைக்கலையே?"

ஆறுமுகத்தாயி என் கால மிதிச்சா. நான் இன்னும் நல்லாச் சிரிச்சேன்.

"அதான் பாருங்கோ. தொடாம விட்டாலே நன்னா ஓடும். இதை நான் அப்படியே எழுதப் போறேன். ஆண்டாப் ஹில், விக்ரோலின்னு இருபது இடத்துக்கு ஆபீஸ்ல இதே மெஷின் வாங்கப் போறா. என் ரிப்போர்ட்டுக்குத்தான் காத்துண்டிருக்கா."

தொடாம விட்டாலே! எனக்குக் காது ரெண்டும் சூடாயிருச்சு. பொய் சொல்லுவானேன், முதல்ல வந்தது நியாயம் இல்ல, ரோசம். மூணு வருசமா நான் பெத்த பிள்ளை மாதிரிப் பாக்கேன், பேரு எவனோ கம்பெனிக்காரனுக்கா? பொறவுதான் அந்த இருபது பொட்டி நெனப்பு வந்துச்சு. ரெண்டாவது மாசம் இருபது போர்டும் கருகும். தொட்டாத் தூக்கிட்டுப் போயிருவாவன்னு ஒருத்தனும் தொட மாட்டான். ஆண்டாப் ஹில்லுல எவளோ ஒருத்தி கெட்ட மருந்த ஏத்திக்கிட்டு கண்ணு சொருகிக் கிடப்பா. அவ புருசன் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருப்பான், நான் உக்காந்திருந்த மாதிரி.

"மேடம், அந்தப் பொட்டி அவன் செஞ்சபடி இல்ல," ன்னேன். "பாதி நான் செஞ்சது."

ஆறுமுகத்தாயி அப்படியே தலையில கை வச்சு உக்காந்துட்டா.

பொட்டிய முன்னால இழுத்து, சீலை உரிச்சு, எல்லாத்தையும் காட்டுனேன். மேடம் குனிஞ்சு பாத்தாவ. "ஏன் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னமே மேடம். மூணு பாஷையில பதில் வந்துச்சு."

நம்ப மாட்டாம, அந்த நம்பருக்குத் தன் போன்லயே அடிச்சாவ. ஸ்பீக்கர்ல மராத்திக்காரி சொன்னா, ஹிந்திக்காரி சொன்னா. இங்கிலீஷ்காரி வாரதுக்கு முன்னால கட் பண்ணிட்டாவ.

"நீங்க பண்ணினது தப்புன்னு எனக்குச் சொல்ல வாய் வரலை," ன்னாவ. "ஆனா இது மருந்து. நாளைக்கு ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நான் பார்த்துட்டேன். பார்த்துட்டு மறைக்க முடியாது."

அதுல நியாயம் இருக்கா இல்லையா? இருக்கு. அதான் என் எரிச்சலே. மேடம் வெளிய போயி ஆபீஸுக்கு போன் பேசுனாவ. திரும்பி வந்தப்ப என் முகத்தப் பாக்கல. "டெம்போ வரது. இன்னிக்கே கோபர்கைரனே கோடவுனுக்கு எடுத்துண்டு போகணுமாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

அவுக போன பொறவு ஆறுமுகத்தாயி பிடிச்சா பாருங்க ஒரு பிடி! "ஒரு வாய். ஒரே ஒரு வாய். அத அரை மணி நேரம் மூடி வைக்கத் துப்பில்ல. பெரிய அரிச்சந்திரன்! நாளைக்கு நான் செத்தேன்னா ஒங்க உண்மையக் கரைச்சு எனக்கு ஊசியாப் போடுங்க." சொல்லிட்டு அழுதா. ஏச்சுன்னா ஏச்சுதான்னு தொடைச்சுப் போட்டுருவேன். அவ அழுதா எனக்குக் கை கால் ஓடாது.

மதீனா பீவி மட்டும் அழல, ஏசவும் இல்ல. மீன்காரம்மாகிட்ட தெர்மாக்கோல் பொட்டி வாங்கியாந்து, அடியில ஐஸு, அதுக்கு மேல துண்ட மடிச்சுப் போட்டு, முப்பத்தி நாலு பேரு மருந்தையும் டப்பா டப்பாவா அடுக்குனா. "ஐஸு சாயங்காலம் வரைக்கும் தாங்கும் சொரிமுத்து. அதுக்கு மேல அல்லாதான் பாக்கணும்," ன்னா.

டெம்போ வந்துச்சு. ஓட்டுதவன் பைசான்னு ஒரு பய, கூட ரெண்டு லோடுகாரங்க. வந்த வேகத்துல பொட்டியச் சாய்ச்சு, பொணத்தப் படுக்க வைக்க மாதிரி படுக்க வைக்கப் போனானுவ.

"ஏல, ருக்கோ ருக்கோ, நில்லுங்கல! படுக்க வச்சா எண்ணெய் குழாய்க்குள்ள ஓடிரும்ல. கம்ப்ரசர் செத்துரும்!"

பைசான் சிரிச்சான். "சாச்சா, கபாடிக்குப் போற மாலு. நின்னா என்ன, படுத்தா என்ன?"

கபாடிக்கா? காயலான் கடைக்கா? எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்துச்சோ, டெம்போவுல ஏறிட்டேன். பொட்டிய நிமுத்தி வச்சு, கயித்தச் சுத்தி, ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். செம்பூர், மான்குர்டு, வாஷி பாலம்னு வண்டி குதிக்க குதிக்க எனக்கு இடுப்பு கழண்டுருச்சு. கோட்டிக்காரா, எதுக்குடா இதப் பிடிச்சுக்கிட்டு இருக்கன்னு என்னையே கேட்டுக்கிட்டேன். போன எடுத்து எடுத்துப் பாத்தேன். ஆறுமுகத்தாயி கூப்பிடல. அவ திட்டுதத விட அவ கூப்பிடாம இருக்கது மோசம். அங்கன ஐஸு கரையும். இங்கன பாலத்துல ட்ராஃபிக்ல வண்டி நகர மாட்டேங்கு.

கோடவுன்ல வாட்ச்மேன் ஷட்டரத் தூக்குனான். வெளிச்சம் உள்ள விழுந்துச்சு.

உள்ள பதினோரு பொட்டி. அதே வெள்ளை, அதே சைஸு, மேல ஒரு விரக்கடைத் தூசி. நாலு நிக்கு, ஏழு மல்லாக்கக் கிடக்கு. ஒவ்வொண்ணா முதுகுப் பக்கம் போயிப் பாத்தேன். சீல் அப்படியே இருக்கு. பதினொண்ணுலயும்! ஒருத்தன் தொடல. நின்னுக்கிட்டு இருந்த ஒண்ண வாட்ச்மேன் கத்தக் கத்தப் பிரிச்சேன். என் பொட்டியில கருகுன அதே இடத்துல போர்டு கருகிக் கிடந்துச்சு. மத்தது எல்லாம் புதுசு.

"க்யா ஹை யே சப்? என்ன இதெல்லாம்?" ன்னேன்.

"கராப் மால், கெட்டுப் போனது. அடுத்த மாசம் கபாடி," ன்னான் வாட்ச்மேன்.

பதினோரு சந்து. ஒவ்வொரு சந்துலயும் ஒரு மதீனா பீவி நாலு நாள் போன் அடிச்சிருப்பா. பொறவு சீலுக்குப் பயந்து, கைய வைக்காம, ஆபீஸ் டெம்போ வந்தப்ப எடுத்துட்டுப் போங்கன்னு விட்டிருப்பா. அந்தச் சனமெல்லாம் இப்ப மருந்த எங்க வைக்கு? பானைத் தண்ணியிலயா? எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கோவத்துலயா துக்கத்துலயான்னு எனக்கே தெரியல.

மேடத்துக்கு போன் போட்டேன். "மேடம், இங்க உங்க பொட்டி பதினொண்ணு செத்துக் கிடக்கு. ஒண்ணுலயும் சீல் உடையல."

"பதினொண்ணா?" அவுக குரலு எறங்கிருச்சு. பேப்பரு பொரட்டுத சத்தம் கேட்டுச்சு. "லிஸ்ட்ல பதினோரு இடம் இருக்கு. 'திட்டம் நல்லபடியா முடிஞ்சது, மெஷினைத் திரும்ப வாங்கியாச்சு'ன்னு போட்டிருக்கு. எழுதினது நான்தான் சொரிமுத்து. ஆபீஸ்ல சொன்னா, எழுதிட்டேன். ஒரு தடவை நேர்ல போய்ப் பார்ப்போம்னு எனக்குத் தோணவே இல்லை."

"நான் இதப் பன்னெண்டாவதா எறக்க மாட்டேன் மேடம். போலீஸக் கூப்பிடுங்க, யாரையும் கூப்பிடுங்க. நான் இந்தப் பொட்டிய விட்டு நகரல."

அந்தப் பக்கம் பேப்பர மடிச்சு வைக்க சத்தம் கேட்டுச்சு.

"வாட்ச்மேன்கிட்ட போனைக் குடுங்கோ."

குடுத்தேன். அவன் "ஜி மேடம், ஜி, ஜி" ன்னு தலைய ஆட்டுனான். மேசையில இருந்து கேட் பாஸ் புக்க எடுத்தான். ஒவ்வொரு எழுத்தாக் கேட்டுக் கேட்டு எழுதுனான். ரிப்பேருக்கு வெளிய போகுது. பொறுப்பு நாகலக்ஷ்மி. பதினஞ்சு நாள்ல திருப்பிக் கொண்டு வரணும். எழுதி முடிச்சு போன என் கையில தந்துட்டு, உள்ள கிடந்ததுல நான் பிரிச்சுப் பாத்த பொட்டியக் காட்டுனான். அதையும் ஏத்திக்கிட்டுப் போயி ஓட வச்சுக் காட்டச் சொல்லுதாவளாம் மேடம்.

பதினஞ்சு நாள். அதுக்குள்ள நான் செத்தத ஓட வைக்கணும். மேடம் ஆபீஸ்ல நின்னு சண்டை போடணும், ஜெயிக்கணும், இல்லைன்னா அவுக வேலை போகும். பைசானும் லோடுகாரங்களும் நானுமா மூச்சுப் பிடிச்சு அடுத்தத ஏத்திக்கிட்டு இருக்கும்போதுதான் ஆறுமுகத்தாயி போன் வந்துச்சு.

"ஐஸு பாதி கரைஞ்சாச்சு," ன்னா. "பொட்டி வருதா இல்லையா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

"வருதுட்டி," ன்னேன். "ரெண்டு வருது."

போன்ல அவ மூக்க உறிஞ்சுத சத்தம் கேட்டுச்சு. அழுதாளோ சிரிச்சாளோ.

"ரெண்டா? ஏங்க, ஒங்களுக்கு அறிவிருக்கா? ரெண்ட எங்கன வைக்க?"