குறையில்லாத பல்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் அன்றும் பிள்ளைகளுக்கென்று பன்னிரண்டு சீட்டுகளே கொடுத்தார்கள். வரிசையில் நின்ற பிள்ளைகளோ முப்பத்தொரு பேர்.

காலர் தைப்பவள் ஒன்பதாவதாக நின்றாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு நானூறு சட்டைகளுக்குக் காலர் வைக்கும் கைகளில் ஒன்று, மகளின் வலக்கன்னத்தைத் தாங்கியிருந்தது. எட்டு வயது மகளை வீட்டில் 'அணில்' என்றுதான் கூப்பிடுவார்கள். கொறித்துக்கொண்டே இருப்பவளுக்கு இரண்டு நாளாகப் பாலைத் தவிர வேறொன்றும் இறங்கவில்லை. கன்னம் வீங்கி ஒரு கண்ணை அடைத்திருந்தது. மேற்பார்வையாளர் அந்த ஒரு நாள்தான் விடுப்புக் கொடுத்திருந்தார். இன்று பார்த்தால் உண்டு.

"ஏம்மா, மிட்டாயை ஒரே பக்கமா அடக்கி வெச்சிருக்கியா? எங்க மகாராணிக்கும் ஒண்ணு குடேன்" என்றார் பின்னால் நின்ற பெயிண்டர். அவர் தோளில் ஒரு சிறுமி அழுது ஓய்ந்து கிடந்தாள். அணில் சிரிக்க முயன்று முகம் சுளித்தாள்.

"சிரிக்க வைக்காதீங்கண்ணே, வலிக்குது அவளுக்கு."

"எனக்கும்தான் வலிக்குது. அஞ்சரை மணிக்கு வந்து நிக்கிறேன், காலு என்னுதான்னே தெரியல."

சாளரம் திறந்தது. அவள் முறை வந்ததும், சீட்டுக் கொடுப்பவர் பள்ளியில் நடந்த பல் பரிசோதனை முகாமில் கொடுத்த அட்டையைக் கேட்டு வாங்கினார். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"குறையில்லைன்னு முத்திரை போட்டிருக்காங்களேம்மா. குறையில்லாத பல்லுக்கு இங்க என்ன வேலை? முகாம்ல எழுதிக் கொடுத்தாத்தான் சீட்டு."

"கன்னத்தைப் பாருங்க சார்."

"நான் பார்த்து என்னம்மா ஆகப்போகுது? அட்டையில இல்லையே."

அவள் மகள் பக்கம் குனிந்தாள்.

"முகாம் அன்னைக்கு டாக்டர் வலிக்குதான்னு கேட்டாரா, இல்லையா?"

"கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"வலிக்கலைன்னு சொன்னேன். நீதானேம்மா சொன்ன, ஸ்கூல்ல வலிக்குதுன்னு சொன்னா உன்னைக் கம்பெனியிலேருந்து கூப்பிடுவாங்க, அப்புறம் வேலை போயிடும்னு."

பெயிண்டர் மகளை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். சீட்டுக் கொடுப்பவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், பல் பிரிவின் செவிலியை அழைத்து வந்தார். செவிலி அணிலின் முகவாயை இரண்டு விரலால் உயர்த்திப் பார்த்தாள்.

"அட்டை கிடக்கட்டும் சார், மறுபரிசோதனைன்னு எழுதுங்க. கேட்டா நான் சொல்லிக்கிறேன்." தாயிடம் திரும்பினாள். "வாக்கா உள்ளே."

காலர் தைப்பவள் "நீங்க நல்லா இருக்கணும்" என்று சீட்டைக் கொடுத்தவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் அடுத்தவரின் அட்டைக்குக் கை நீட்டினார்.

உள்ளே இருந்த மருத்துவர் இளம்பெண். கடைவாயில் சிறு கண்ணாடியை விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது பால் பல் இல்லைம்மா. போனா மறுபடி முளைக்காது. முகாம் நடந்தப்பவே தெரிஞ்சிருந்தா பத்து நிமிஷத்துல அடைச்சிருப்பேன். இப்ப வேருக்கு வைத்தியம் பண்ணணும், அது இங்க இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில பதிஞ்சா அஞ்சு மாசம் ஆகும். சீழ் அதுவரைக்கும் சும்மா இருக்காது."

"எடுத்துடுங்க டாக்டரம்மா. பிள்ளை தூங்கினா போதும்."

மருத்துவர் ஒரு கணம் கண்ணாடியைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு ஊசியை எடுத்தார். அணில் தாயின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஊசி தைத்துத் தைத்துக் காய்த்த விரல் அது.

எல்லாம் முடிந்ததும் செவிலி, பஞ்சைக் கடித்தபடி அரைமணி நேரம் இருக்கச் சொல்லி, அணிலைத் திரைக்கு அப்பால் அழைத்துப்போனாள். அங்கே இன்னொரு பல் நாற்காலி இருந்தது; விளக்கும் தண்ணீர்க் குழாயும் இணைந்த புத்தம்புது நாற்காலி. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"இதுல உட்காரு கண்ணு. உறை மட்டும் கிழியாம பாத்துக்க."

"இது எப்போ வந்துச்சுக்கா?" என்றாள் பின்னாலேயே வந்த தாய்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. நாற்காலி வந்துடுச்சு, இதுக்கு டாக்டரைத்தான் இன்னும் போடலை."

"எவ்வளவு நல்ல நாற்காலி" என்றாள் காலர் தைப்பவள். மகளின் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உறைமேல் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தாள். "உட்கார இடம் குடுத்தீங்களே, ரொம்ப நன்றிக்கா." அணில் வாயில் பஞ்சோடு சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். சீட்டுக் கிடைக்காத பத்தொன்பது பிள்ளைகள் படியிறங்கிப் போவது சன்னல் வழியே தெரிந்தது.

இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு இந்த வாரமே போங்கள். திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாற்காலி இருந்து மருத்துவர் இல்லையென்றால், ஏன் இல்லை என்று மனு எழுதிக் கையெழுத்திட்டுக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.