லின்ஸி சந்தையின் மரப்புறா

அந்த ஆண்டு லின்ஸி நகரத்தில் ஒரு தலையின் விலை ஐந்து லட்சம் காசு. மரணதண்டனை பெற்றவன் அதை அரசாங்கத்தில் கட்டினால் தலை கழுத்திலேயே தங்கும். கட்டாவிட்டால் பனிக்காலத்தில் சந்தை நடுவே இறக்கிவிடுவார்கள். பேரம் கிடையாது. அதே ஆண்டில்தான் கெங் ஃபூ கிழவருடைய கைத்தடியின் உச்சியில் இருந்த மரப்புறா தினை தின்னத் தொடங்கியது. தினை விலையும் அப்போது கொஞ்சம் ஏறியிருந்தது.

எழுபது தாண்டியவர்களுக்குச் சீனத்தின் ஹான் பேரரசர் அனுப்பும் கைத்தடி அது. புறாத்தடி வைத்திருப்பவர் விற்கும் சரக்குக்குச் சந்தை வரி இல்லை. அவர்மீதோ தடிமீதோ கைவைத்தவனுக்குத் தலை இல்லை. லின்ஸி வியாபாரிகள் இதைக் கேட்டதும் பேரரசரின் கருணையை நினைத்து உருகினார்கள். உருகி முடித்ததும் கெங் ஃபூவை வாடகைக்கு எடுத்தார்கள். கிழவர் யார் கடைமுன் பாய் விரித்து உட்காருகிறாரோ அன்று அந்தச் சரக்கு அவருடையது. பட்டுக்கு ஒரு வாடகை, பன்றிக்கு ஒரு வாடகை. மழை நாளில் இரட்டிப்பு.

வரி வசூலிக்கும் பொறுப்பு லூ ஹெங் என்ற சந்தை அதிகாரிக்கு. வசூல் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்; வசந்தம் முழுக்கப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் ஒரு கருவாட்டு வண்டியின்மேல் கிழவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

"பெரியவரே, முந்தாநாள் பட்டு உங்களோடது, நேத்து பன்னி உங்களோடது. இன்னிக்கு இந்த நாத்தமுமா?"

"வயசாக ஆகச் சொத்து ஆசை கூடுதுப்பா. நீயும் ஆகிப் பாரு, தெரியும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. லூ ஹெங் தடியைப் பிடித்து இழுக்க, கிழவர் விடாமல் இழுக்க, தடி கல்லில் விழுந்து புறாவின் இடது இறக்கையில் ஒரு சில்லு பெயர்ந்தது. சிரிப்பு நின்றது. லூ ஹெங் குனிந்து அந்தச் சில்லைப் பொறுக்கிச் சட்டைக்கையில் போட்டுக்கொண்டான். காவலர்கள் வரும்வரை அங்கேயே நின்றான்.

விசாரணையில் வியாபாரிகள் வரிசையில் நின்று சாட்சி சொன்னார்கள். தீர்ப்பு ஒரே வரி: தலை. அவன் மனைவி நிங், புளிக்கவைத்த அவரைப்பருப்பு விற்பவள், வீட்டையும் முசுக்கொட்டைத் தோப்பையும் விற்றாள். நாற்பதாயிரம் தேறியது, அந்தப் பணத்துக்குத் தலையில் காதுகூட வராது. மீதியைக் கடன் கேட்டுப் போன இடங்களில் எல்லாரும் அவளுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கடைசியாகக் கெங் ஃபூவிடம் போனாள்.

"அடிச்சது உங்களை இல்லையே ஐயா. குச்சியைத்தானே."

"என்னை அடிச்சிருந்தா மன்னிச்சிருப்பேன்மா. என் முதுகு எனக்குச் சொந்தம்." கிழவர் தலைநகரம் இருக்கும் மேற்குத் திசையைக் காட்டினார். "குச்சி அவருது. நான் வெறும் பிடிக்கிற கை."

சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வாடகை வாங்கிப் பழகிய மனிதருக்கு, வாங்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் போன முதல் சங்கதி இது. நிங் அழவில்லை. சிறையிலிருந்து கணவன் கொடுத்தனுப்பிய சில்லை எடுத்து, மீன்பசை காய்ச்சி, இறக்கையில் ஒட்டினாள். சாட்சியத்தை அழிக்கிறாயா என்று கிழவர் கேட்டார். பனி வருகிறதே, இது எப்படிப் பறக்கும் என்றாள்.

பனிக்காலத்தில் நாள் குறித்தார்கள். சந்தையின் கொடிக்கோபுரத்துக்குக் கீழே லூ ஹெங்கை மண்டியிட வைத்து, புறாத்தடிச் சட்டத்தை உரக்கப் படித்தார்கள். தடியும் அங்கே இருக்க வேண்டும் என்பது விதி. கிழவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்டுபவன் கோடரியைத் தூக்கியபோது மரப்புறா தடியிலிருந்து கிளம்பி, லூ ஹெங்கின் பிடரியில் போய் உட்கார்ந்து, இறக்கையை மடக்கிக்கொண்டது.

வெட்டுபவன் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, மேடையில் இருந்த ஆளுநரைப் பார்த்தான்.

"புறா வச்சிருக்கிறவரைத் தொட்டா தலை போகும்னு இப்பதானே படிச்சீங்க, ஐயா. நான் இவரை வெட்டுறேன், அப்புறம் புறா என் பிடரிக்கு வரும். என்னை யார் வெட்டுவாங்க? என்னை வெட்டினவரை யார் வெட்டுவாங்க? ஊர்ல கடைசியா ஒருத்தர் மிஞ்சுவார், அது நீங்கதான்."

ஆளுநர் அதை யோசித்துப் பார்த்தார். தலைநகருக்கு எழுதினார். பதில் வருவதற்குள் வசந்தம் வந்துவிட்டது. வசந்தத்தில் யாரையும் வெட்டக்கூடாது. வந்த பதிலிலும் புறா ஆணா பெண்ணா என்ற கேள்விதான் இருந்தது. அடுத்த பனிக்காலத்தில் வலை போட்டார்கள், பூனை விட்டார்கள், தினை தூவினார்கள். புறா வழக்கம்போல இறங்கி வந்து தினையைத் தின்றுவிட்டுப் பிடரிக்குத் திரும்பியது. புறா இருக்கும் கழுத்தில் விலங்கு மாட்டச் சிறைக்காவலருக்குத் துணிவில்லை. ஆகவே லூ ஹெங் வீட்டுக்குப் போனான். வீடுதான் இல்லையே, மனைவியின் அவரைப்பருப்புக் கடைக்குப் பின்னால் குப்புறப் படுத்துத் தூங்கினான்.

வியாபாரிகள் தாமதிக்கவில்லை, அவனிடம் வாடகை பேச வந்தார்கள். முதல் ஆண்டு அவர்களைத் திட்டி அனுப்பினான். இரண்டாம் ஆண்டும் திட்டினான், ஆனால் வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் திட்டினான். மூன்றாம் ஆண்டு கருவாட்டு வண்டியின்மேல் சாய்ந்து உட்கார்ந்தான். வெறுந்தடியோடு பிழைப்பு போன கெங் ஃபூ, தான் பின்னிய கூடைகளைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார். லூ ஹெங் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டான். புதிய வரி அதிகாரி அவர்களைக் கடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெல்விலை பற்றி எதையாவது கேட்டுவிட்டுப் போவார்.

ஆளுநர்கள் மாறினார்கள், பேரரசர் ஒருவர் போய் இன்னொருவர் வந்தார். கிழவர் நல்ல வயதில் செத்தார். நெடுங்காலம் கழித்து லூ ஹெங்கும் தூக்கத்தில் போனான். புறா நிங்கின் தோளுக்கு மாறியது. அவள் அதற்குத் தினை வைத்துவிட்டு அவரைப்பருப்பு விற்கப் போனாள். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் மாநிலக் கணக்கு தலைநகருக்குப் போயிற்று. தானியம், துணி, உப்பு, இரும்பு எல்லாம் நேராயின. கடைசி வரியை மட்டும் எழுத்தர்கள் பழைய கணக்கைப் பார்த்து அப்படியே எழுதினார்கள்: தலை, வரவேண்டியது ஒன்று, வந்தது இல்லை, நிலுவை ஒன்று.