பீர் இல்லாத உருண்டை

போன வருஷம் யோலந்தா வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த உருண்டைகளை எங்கள் சனிக்கிழமைச் சந்தை இன்னும் மறக்கவில்லை. சீஸ் விற்கும் ரஃப் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தான். காற்றடித்தால் கூடாரக் கயிற்றில் எடைக்குக் கட்டலாம் என்றான். துணி விற்கும் யோலந்தாவுக்கு வாய் சும்மா இருக்குமா? அடுத்த வருஷம் பொருட்காட்சிக் கடைக்காரனே வந்து கேட்கிற மாதிரி பண்ணிக் காட்டுகிறேன் என்று சந்தை முழுக்கக் கேட்கச் சொல்லிவைத்தாள்.

பெல்ஜியத்தில் எங்கள் ஊரான ஆண்ட்வெர்ப்புக்குப் பொருட்காட்சி வந்தால் ராட்டினத்துக்குப் போகிறவர்களைவிட ஸ்மவுட்டபொல்லன் தின்னப் போகிறவர்கள்தான் அதிகம். புளித்த மாவில் பொரித்த உருண்டை, மேலே மூக்கில் ஏறுகிற அளவுக்குப் பொடித்த சர்க்கரை. ஸ்மவுட் என்றால் பன்றிக்கொழுப்பு. ஆனால் இப்போது கடைகளில் பொரிப்பது தாவர எண்ணெயில்தான். பெயர் மட்டும், கைமாறின கடையின் பழைய போர்டு மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது.

யோலந்தாவின் பக்கத்துக் கடைக்காரி ஹனான். ஆலிவும் ஊறுகாயும் விற்பவள், முஸ்லிம், இதே ஊரில் பிறந்தவள். அவள் சின்னவளாக இருந்தபோது அவள் அப்பா பொருட்காட்சிக் கடைக்காரரிடம் என்ன எண்ணெய் என்று கேட்டு, பீப்பாயைத் திறந்து பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுத்தாராம். அதன் பிறகு அந்தப் பெயரைக் கேட்டால் ஹனானுக்கு உருண்டைதான் ஞாபகம் வரும், பன்றி இல்லை.

இந்த வருஷம் யோலந்தா கறிக்கடைக்காரரிடம் யோசனை கேட்டாள். பெயரிலேயே விடை இருக்கிறதே, சூரியகாந்தி எண்ணெயில் பொரித்தால் எப்படி வரும் என்று அவர் ஒரு வெள்ளைக் கொழுப்புக் கட்டியை எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்து பொரித்தாள். முதல் உருண்டையைக் கடித்த அவள் கணவன் வால்டர் உடனே அடுத்ததை எடுத்தான். அவன் பாராட்டுவது அப்படித்தான்.

மாவில் பீர் ஊற்றுவது வழக்கம். ஹனானுக்காக யோலந்தா பீரை விட்டுவிட்டு சோடா ஊற்றினாள். ஒரு தோழிக்காக இவ்வளவு யோசித்தோமே என்ற பெருமையில் கொழுப்பு அவள் நினைவுக்கே வரவில்லை.

சந்தையில் டப்பாவைத் திறந்ததும் முதலில் ஹனானிடம்தான் நீட்டினாள்.

"தைரியமா சாப்பிடு. பீர் போடல, உனக்காகவே சோடா ஊத்தினேன்."

ஹனான் கடித்தாள், கண்ணை மூடினாள். பிறகு ரஃபைக் கூப்பிட்டு, கேலி பண்ணின வாயால் இதைத் தின்னுடா என்றாள். ரஃப் தின்றான். வாடிக்கையாளர்களும் தின்றார்கள். போன வருஷம் சிரித்தவர்கள் எல்லாரும் யோலந்தாவைச் சுற்றி நின்றார்கள்.

டப்பா பாதி காலியானபோது யோலந்தா அடியில் விரித்த காகிதத்தைப் பார்த்தாள். காலைக் குளிரில் அதில் வெள்ளையாக மெழுகு மாதிரி உறைந்திருந்தது. எண்ணெய் அப்படி உறையாது. கறிக்கடைக்காரர் தந்த கொழுப்பு அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. நிமிர்ந்தாள். ஹனான் கையில் இரண்டாவது உருண்டை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் ஹனான், "பொருட்காட்சிக்காரன் இவகிட்ட வந்து கத்துக்கணும்" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். யோலந்தா காகிதத்தை மடித்துப் பைக்குள் திணித்தாள். ஹனான் கடித்தாள்.

அதோடு போயிருந்தால் ஒருவேளை யோலந்தா அப்படியே விழுங்கியிருப்பாள். கடை கட்டும்போது ஹனான் ஒன்று கேட்டாள்: அடுத்த ஞாயிறு மகளுக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டாருக்கு இதே உருண்டை வேண்டும். இதேதான், வேறு பக்குவம் கூடாது. யோலந்தா தலையாட்டிவிட்டாள்.

வாரம் முழுக்க எண்ணெயில் பொரித்துப் பார்த்தாள். உருண்டை உருண்டையாகத்தான் வந்தது, ருசிதான் வரவில்லை. அதனால் என்ன, இந்தத் தடவை மாவு சரியில்லை என்று சொல்லிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றான் வால்டர். வியாபாரி பேச்சு. சந்தையில் நாங்களும் நேற்றைய மீனை இன்றைய மீன் என்போம். வாங்குகிறவனும் அதை நம்பாமல்தான் விலையைக் குறைப்பான். இரண்டு பக்கமும் பொய் என்று தெரிந்தால் அதற்குப் பேர் பேரம். ஹனான் பேரம் பேசவில்லை. நம்பி வாயில் போட்டாள். யோலந்தாவுக்கு உறுத்தியது அதுதான்.

சனிக்கிழமை, இரண்டு பேரும் கூடாரக் கம்பிகளைக் கழற்றும்போது, பொரித்தது பன்றிக்கொழுப்பில் என்று சொல்லிவிட்டாள். ஹனான் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். உதட்டைப் புறங்கையால் துடைத்தாள், போன வாரத்து உருண்டை இன்னும் அங்கே இருப்பது போல.

"தெரியாம தின்ன பாவம் என் மேல வராது," என்றாள். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

நீ போன பிறகுதான் என்று சொல்லிவிட யோலந்தாவுக்கு வாய் வரை வந்தது. அப்படிச் சொன்னால் மன்னிப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

"ரெண்டாவது உன் கையில இருந்தப்பவே."

"அப்ப கடிக்கிறதப் பாத்துக்கிட்டுதான் நின்ன?"

"ஆமா. எல்லாரும் என்னைப் புகழ்ந்துக்கிட்டு இருந்தாங்க."

ஹனான் கம்பியை வண்டியில் போட்டாள். "பீர் போடலன்னு சொன்னியே, அதான்டி நான் மேல ஒண்ணும் கேக்கல," என்றாள். நிச்சயதார்த்தத்துக்கு வேறு இனிப்பு பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் யோலந்தா அழுதாவது தீர்த்திருப்பாள்.

சண்டை என்று எதுவும் இல்லை. ஹனான் பழையபடி வணக்கம் சொல்கிறாள், யோலந்தா நகர்ந்தால் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். போன சனிக்கிழமை யோலந்தா தன் தோட்டத்துப் பேரிக்காய் ஒன்றைத் துடைத்து நீட்டினாள். ஹனான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்ன இருக்கு?"

ரஃப் விழுந்து விழுந்து சிரித்தான். ஹனான் முகத்திலும் லேசான சிரிப்பு இருந்த மாதிரிதான் தெரிந்தது. யோலந்தா சிரிக்கவில்லை.

"பேரிக்காய்தான்," என்றாள். "மருந்து அடிக்கல. தண்ணியில கழுவினேன். துணியில துடைச்சேன். துணி துவைச்சதுதான்."