கேண்டிடேட்டின் பிறந்த வீடு

ஒரு வார்த்தையின் பிறந்த வீட்டுக்குப் போய்வராமல் அதை வாயால் சொல்லக்கூடாது. சித்தார்த்தனின் ஆங்கில வகுப்பில் இருந்தது அந்த ஒரே விதிதான். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், தையல் மெஷின்கள் ஓடும் அறைக்கு அடுத்த அறையில் வகுப்பு நடந்தது. சித்தார்த்தனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. படிக்க வந்தவர்கள் எல்லாரும் அவனைவிட மூத்தவர்கள்.

போய்வருவது என்றால் தெரிந்துகொள்வது இல்லை, செய்து பார்ப்பது. மசில் என்ற சொல் லத்தீனில் சுண்டெலியாகப் பிறந்ததாம். முண்டா புடைத்து அடங்குவது தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல் பட்டிருக்கிறது அந்தக் காலத்து ஆட்களுக்கு. அதனால் திருவான்மியூரிலிருந்து வரும் கால்டாக்சி டிரைவர் நாகராஜ் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு நிற்க, மற்றவர்கள் வரிசையாக வந்து எலியைப் பார்த்தார்கள். கே.கே. நகர் ஜோதிலட்சுமி பெஞ்சின்மேல் ஏறிக்கொண்டாள். "பயமெல்லாம் இல்லைங்க. எலின்னு சொன்ன பிறகு எப்படிக் கீழே நிக்கிறது?" என்றாள்.

கம்பேனியன் என்பவர் நம்மோடு ரொட்டி தின்றவர். ஒரு பாக்கெட் பிரெட் வாங்கி, சுற்றி உட்கார்ந்து தின்றார்கள். நாகராஜ் ஜாம் கேட்டார்.

"ரோமாபுரியில ஜாம் கிடையாது சார்."

"இன்னா தம்பி, காய்ஞ்ச ரொட்டிய துன்னுக்கினுதான் ஃப்ரெண்டாவணுமா?"

அபிராமபுரத்திலிருந்து வரும் இசக்கியம்மாளுக்கு இந்தப் பாடமுறை பிடித்திருந்தது. நைஸ் என்ற சொல், பிறந்த வீட்டில் ஒன்றும் தெரியாத மண்டு என்று பெயர் வாங்கியிருந்ததாம். வாழப்போன இடத்தில் நல்ல பெயர் எடுத்துவிட்டது. தன் விஷயம் அப்படியே தலைகீழ் என்று அவளுக்குத் தோன்றியது. சங்கரன்கோவிலில் அப்பாவின் கடைக் கல்லாவில் உட்கார்ந்து மொத்த வியாபாரிகளோடு சண்டை போட்டவள் அவள். சென்னைக்கு வந்த பிறகு ஒன்றும் தெரியாதவளாகிவிட்டாள். அது எந்த நாளில் நடந்தது என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு நாள் இல்லை. யாரும் அவளை மட்டமாகப் பேசவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் கணவன் பாலகணேஷுக்குத் தியாகராய நகரிலேயே பாத்திரக்கடை. இப்போது அடையாறில் ஒரு கிளை திறக்கப்போகிறான். அந்தக் கிளையின் கல்லாவில் தான் உட்கார வேண்டும் என்று அவள் கேட்டாள்.

"அடையாறுல வாரவங்க இங்கிலீஷ்ல பேசுவாங்கட்டி. நீ என்ன செய்வே, கரண்டியைக் காட்டிச் சிரிப்பியா?"

அதனால்தான் வகுப்பில் சேர்ந்தாள். பிறகு மறுபடி கேட்டாள். கிளைக்கு மேனேஜர் தேவை என்று அவன் கடை வாசலில் எழுதி வைத்திருந்தான். "அப்ப நீயும் இன்டர்வியூக்கு வாயேன், புதன்கிழமை பதினோரு மணிக்கு" என்று கடையில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தான். விளையாட்டு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் விளையாட்டாகச் சொன்னதை நிஜமாக எடுத்துக்கொள்வதைத் தவிர அவளிடம் வேறு வழி இருக்கவில்லை.

வகுப்பில் விஷயத்தைச் சொன்னதும் சித்தார்த்தன் எழுந்து நின்றுவிட்டான்.

"மேடம், அப்ப நீங்க கேண்டிடேட். அந்த வார்த்தைக்கு நாம இன்னும் போகல. ரோமாபுரியில பதவி கேட்டுப் போறவங்க சுண்ணாம்புக்கட்டி தேய்ச்ச வெள்ளைத் துணி உடுத்திக்கிட்டுப் போவாங்க. வெள்ளை உடுத்தினவர், அதுதான் அர்த்தம்."

"வெள்ளையில கலர் பார்டர் இருக்கலாமா?" என்றாள் இசக்கியம்மாள்.

"பிளெயின், மேடம்."

ஜோதிலட்சுமி குறுக்கே புகுந்தாள். "தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லைங்க."

"அதான்."

"கட்டுறேன்," என்றாள் இசக்கியம்மாள். எந்த வார்த்தையையும் வகுப்பு சேர்ந்துதான் செய்யும் என்பதால் மற்றவர்களும் வெள்ளையில் துணைக்கு வருவதென்று முடிவாயிற்று.

வெள்ளைச் சேலை வாங்கப் போன கடையில் விற்பனைப் பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். மஞ்சள் பையில் போடப் போனவன் கையை இழுத்துக்கொண்டு, எதுவும் அச்சடிக்காத கவர் ஒன்றைத் தேடி எடுத்து வந்தான். புதன்கிழமை காலை அபிராமபுரத்தில் அவள் ஏறிய ஆட்டோவின் டிரைவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார். இறங்கும்போது, "மனச தேத்திக்கோம்மா" என்றார். அவள் நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது. அவற்றைப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது.

கடைக்கு எதிரே வகுப்பு நின்றிருந்தது. ஜோதிலட்சுமி, வெள்ளை வேட்டி சட்டையில் நாகராஜ், சுண்ணாம்புக்கட்டி தேய்த்த ஜிப்பாவில் சித்தார்த்தன், இன்னும் சிலர். பாலகணேஷ் கடையில் இல்லை. போர்டு மாட்டுவதைப் பார்க்க அடையாறு போயிருந்தான். அவனுடைய போன் கல்லாவுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது.

கடையில் வேலை செய்யும் சிந்துதான் முதலில் பார்த்தாள். கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே போட்டாள். அது தெரு முழுக்கக் கேட்டது.

"அக்கா! அண்ணாச்சிக்கு இன்னா ஆச்சு?"

தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஆங்கில வரிகளை இசக்கியம்மாள் ஆட்டோவில் வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டு வந்திருந்தாள். வாயைத் திறந்தால் முதல் வரி கொட்டிவிடும், அது கொட்டினால் பின்னால் இருப்பதெல்லாம் கொட்டிவிடும் என்ற பயம். ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். சிந்து அழத் தொடங்கினாள்.

எதிர்க்கடை இனாயத் பாய் ஓடிவந்தார். பை வியாபாரம், வியாபாரிகள் சங்கத்துச் செயலாளரும் அவர்தான். இசக்கியம்மாளையும் பின்னால் நின்ற வெள்ளைக் கூட்டத்தையும் பார்த்தார். திரும்பிப் போய்த் தன் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். தெருவில் ஒரு வியாபாரி போய்விட்டால் எல்லாரும் செய்வது அது. பக்கத்து வளையல் கடை இறங்கியது. பெல்ட் கடை இறங்கியது. சத்தம் ஒவ்வொன்றாகத் தெருமுனைவரை போனது. எங்கிருந்தோ ஒரு ரோஜா மாலை வந்து சேர்ந்தது. நிஜமாகவே ஏதோ நடந்துவிட்டதோ என்று வகுப்பும் கைகட்டி நின்றுவிட்டது.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். முதல் வரி போனால் போகட்டும். வாயைத் திறக்கவும் செய்தாள்.

"தங்கச்சி, நீ ஒண்ணியும் யோசிக்காத," என்றார் இனாயத் பாய். "காலையிலகூட என்னோட டீ குடிச்சாரு மனுசன். இன்னா பண்றது. இந்தக் கடை கீது, அடையாறு கடை கீது. நீதான் பாத்துக்கணும். வேற யாரு கீறாங்க? உன்னால முடியும். சங்கத்து சார்பா சொல்றேன், அடையாறு கடை உன்னுது."

சுற்றி நின்றவர்கள் "ஆமா, ஆமா" என்றார்கள். திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். தனக்குள் இருந்தது வருத்தமா, பயமா, வெட்கமா என்று தேடிப் பார்த்தாள். மூன்றும் இருந்தன. அவற்றுக்குக் கீழே, யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னதுபோல ஒரு நிம்மதி விரிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து குக்கர் லோடு வந்து நின்றது. யாரிடம் கேட்பது என்று லோடுமேன் தலையைச் சொறிந்தான். "அம்மாவ கேளுப்பா," என்றார் பாய். இசக்கியம்மாள் கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அட்டைப் பெட்டிகளைத் திறந்து காட்டச் சொன்னாள். நசுங்கியவற்றைத் தனியே எடுத்து வைத்து, "இதெல்லாம் திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க. நசுங்கினதை மாத்தாம அனுப்பினா அடுத்த லோடு இறக்க மாட்டோம்னு உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க," என்றாள். இங்கிலீஷ் வரிகளில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. அதை அவள் கவனிக்கவும் இல்லை.

பாலகணேஷின் ஆட்டோ தெருமுனையில் நின்றது. பாதி இறங்கிய ஷட்டர்களைப் பார்த்ததும் அவன் பழக்கப்படி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். கூட்டத்தின் பின்வரிசையில் வந்து கைகட்டி நின்றான்.

"யாருப்பா போனது?" என்று நாகராஜிடம் மெல்லக் கேட்டான்.

"பாத்திரக்கடை ஓனர். நல்ல மனுசனாம் சார்."

"எந்தப் பாத்திரக்கடை?"

நாகராஜ் கைகாட்டிய பக்கம் அவன் பார்த்தான். தன் கடை. கல்லாவில் வெள்ளைச் சேலையில் தன் மனைவி. சிந்து அவனைப் பார்த்து, முதலில் அழுததைவிடச் சத்தமாக அலறினாள்.

"என்னட்டி வேஷம் இது!"

"கேண்டிடேட்," என்றாள் இசக்கியம்மாள்.

சித்தார்த்தன் முன்னால் வந்து ரோமாபுரியைப் பற்றி விளக்கினான். கூட்டம் பொறுமையாகக் கேட்டது. பாலகணேஷ் மாலையை வைத்திருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார், அது பெரிய மாலை.

இனாயத் பாய் தொண்டையைக் கனைத்தார். "அண்ணாச்சி, நீங்க உசுரோட கீறதுல எங்களுக்கு ரொம்ப சந்தோசம். ஆனா ஒரு சிக்கல். அடையாறு கடைய நான் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்."

"என் கடையை நீரு எப்படிய்யா குடுப்பீரு?"

"நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சிதான் குடுத்தோம். சங்கத்துல பத்துப் பேர் முன்னாடி சொன்னது. நீங்க வந்துட்டீங்கன்னு வாபஸ் வாங்குனா, நாளைக்கு நெசமாவே யாராச்சும் போனா எங்க பேச்ச யாரு நம்புவாங்க?"

"அது நியாயந்தான்," என்றார் வளையல் கடைக்காரர்.

ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலேறின. கூட்டம் கலைந்தது. வகுப்பு டீ குடிக்கப் போனது. பாலகணேஷ் கடைக்குள் வந்து, வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பாள் என்று அவன் எதிர்பார்த்தது இருவருக்கும் தெரிந்தது.

"சரி. இன்டர்வியூவே வச்சுக்கிடுவோம்," என்றான். குரலில் சிரிப்பு இல்லை. "ஒரே கேள்வி. நான் செத்துட்டேன்னு இத்தன பேரு சொல்லுதப்ப, இல்லன்னு ஏன் சொல்லல?"

நல்ல பதில்கள் சில அவளுக்குத் தோன்றின. அதிர்ச்சியில் வாய் வரவில்லை என்று சொல்லலாம். இங்கிலீஷ் மறந்துவிடும் என்று பயந்தேன் எனலாம், அதில் பாதி உண்மையும்கூட.

"பாய் அடையாறு கடையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாரு," என்றாள். "முடிக்கட்டும்னு இருந்தேன்."

அவன் அவளையே பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் அவளை அவன் பார்த்ததில்லை. பிறகு பைக்குள் கைவிட்டு அடையாறு கடைச் சாவியை எடுத்தான். கையில் கொடுக்கவில்லை. கல்லா மேசையின் கண்ணாடிமேல் வைத்து, சூடான பாத்திரத்தைத் தொட்டவன்போல விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

இனி இவர் என்னிடம் கொஞ்சம் பயப்படுவார் என்று இசக்கியம்மாளுக்குத் தோன்றியது. நான் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தும்போது, மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது, ஒரு நொடி தயங்குவார். அதை நினைத்து வருத்தப்பட முயன்றாள். சாவியை எடுத்துக்கொண்டாள்.