அக்காவின் படத்தை எடுத்தவர்

சின்னவள் காலையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு அதுதான் வேலை. கையை நீட்டுங்க, விரலை மடக்குங்க, லேசா குத்தும், அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு நரம்பு கண்ணாமூச்சி ஆடும். அதற்கும் திட்டு அவளுக்குத்தான். ஒருவழியாகக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு டீயோடு உட்கார்ந்து போனைத் திறந்தால், அதிலும் ஒரு குத்து காத்திருந்தது.

‘நீங்கள் பதிவேற்றிய படம் நீக்கலுக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. உரிய அனுமதி வராவிட்டால் ஒரு வாரத்தில் நீக்கப்படும்.’

“போச்சு!” என்றாள்.

வரவேற்பு மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். “யாருக்கு என்ன ஆச்சு?”

“எங்க அக்காவுக்கு.”

“அவங்கதான் போன வருஷமே...”

“ஆமா. இப்போ மறுபடியும்.”

இரண்டு பெண்கள் இருக்கிற வீட்டில் பேர் எதற்கு? பெரியவள், சின்னவள், முடிந்தது கதை. பெரியவள் கால்பந்து நடுவராக இருந்தவள். ஆண்களின் இறுதிப் போட்டியில் விசில் ஊதிய முதல் பெண் என்று ஒரு காலத்தில் பத்திரிகைகளில் வந்தவள். இருபத்திரண்டு தடியன்களை ஒரு சின்ன விசிலுக்கு அடக்கி வைத்தவள், நோய்க்கு மட்டும் அடங்கிப்போனாள். அவள் போன சில மாதங்களில் அம்மா ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அவ பேரைப் போட்டுத் தேடினேன்டி. யார் யாரோ வர்றாங்க. அவ வரலை” என்றாள்.

அதற்காகத்தான் சின்னவள் இணையத்தில் இருக்கும் அந்தக் கலைக்களஞ்சியத்துக்குள் காலை விட்டாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எழுதிப் பார்த்தால்தானே தெரிகிறது!

முதலில், அக்காவைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரையை எடுத்து அப்படியே ஒட்டினாள். ஒட்டிய ஈரம் காய்வதற்குள் அதைக் காணோம். நீக்கியவர் ‘அரைத்தூக்கம்’ என்ற புனைபெயரில் இயங்கும் ஒரு பழைய பயனர். ஆணா பெண்ணா, கிழமா குமரா, எதுவும் தெரியாது. ஆனால் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே எழுதுவார்.

“எங்க அக்காவைப் பத்தின கட்டுரைதானே? எனக்கு உரிமை இல்லையா?” என்று கேட்டாள்.

“உங்க அக்காவைப் பத்தினதுதான். ஆனா எழுதினது அவங்க இல்லையே, நீங்களும் இல்லையே. எழுதினவருக்குத்தான் உரிமை.”

சரி என்று அங்கே ஒரு சொல், இங்கே ஒரு சொல் மாற்றிப் போட்டாள். “வாக்கியத்துக்குச் சட்டைய மாத்தினா ஆள் மாறிடுமா? தகவலை மட்டும் எடுத்துக்கிட்டு உங்க சொந்த நடையில எழுதுங்க” என்று அதையும் தூக்கினார். சொந்த நடைதானே வேண்டும் என்று சின்னவள் மனசைக் கொட்டி எழுதினாள். ‘விளையாட்டு உலகின் விடிவெள்ளி’ என்று ஆரம்பித்தாள். பதில் வந்தது.

“விடிவெள்ளின்னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

“அதுதாங்க சிக்கல்.”

அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வேறு வேலை வெட்டி இல்லாத ஆள், யார் வீட்டுத் துக்கத்திலோ வந்து கத்தரிக்கோல் போடுகிறான் என்று வரவேற்பு மேசைப் பெண்ணிடம் பொரிந்து தள்ளினாள். ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று தேடினாள். இந்த ஆண்டில் தேர்வு எழுதினார், இந்தப் போட்டியில் பணியாற்றினார், இந்தப் பத்திரிகை இப்படிச் சொன்னது. நான் இவருடைய தங்கை என்று கட்டுரையோடு ஒட்டியிருக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒளிக்காமல் அறிவித்தாள். கடைசியில் உப்புச் சப்பில்லாமல் ஒரு சின்னக் கட்டுரை தேறியது. அதில் அக்காவின் அதட்டலும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆனால் நின்றது. “இது நல்லா இருக்கு” என்று அரைத்தூக்கம் ஒரே வரி எழுதியபோது, தேர்வில் தேறிய பிள்ளை மாதிரி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்து அவளுக்கே வெட்கம்.

அம்மா படித்துப் பார்த்தாள். “எல்லாம் சரி. முகம் எங்கடி?” என்றாள்.

முகம் என்றால் அம்மாவுக்கு ஒரே படம்தான். ஆளில்லாத மைதானத்தில், கோல் கம்பத்தில் சாய்ந்து, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள் பெரியவள். வாய்விட்டுச் சிரிப்பாள். படம் தரையோடு தரையாக, கீழேயிருந்து எடுத்தது. அதனால் அவள் மலை மாதிரி தெரிவாள். கல்யாணமான புதிதில் எடுத்த படம். எடுத்தது அத்தான். “பொண்டாட்டியப் படம் எடுக்கறதுக்காகப் புல்லுல படுத்துப் பொரண்டிருக்கான் பாரு, அவ்வளவு ஆசை!” என்பாள் அம்மா. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

அந்த ஆசை சில வருஷங்களில் தீர்ந்துபோனது வேறு கதை. வருகிறேன் என்றால் வரமாட்டான், தருகிறேன் என்றால் தரமாட்டான், கேட்டால் வாய்கூசாமல் ஒரு பொய். ஒருநாள் அக்கா போன் பண்ணி “வந்து கூட்டிட்டுப் போடி” என்றாள். சின்னவள்தான் போய்ப் பெட்டியோடு அழைத்து வந்தாள். விவாகரத்து ஆயிற்று. அம்மா அதை மன்னிக்கவே இல்லை. அத்தானை இல்லை, சின்னவளை! எப்போது பேச்சு முற்றினாலும் அந்தப் படத்தைக் கொண்டுவந்து நீட்டுவாள். “இதைப் பாரு. இப்படிச் சிரிச்சவளை நீதான் ஏத்திவிட்டுப் பிரிச்சுக் கூட்டிட்டு வந்தே. அங்கேயே இருந்திருந்தா நல்லா இருந்திருப்பா.” அக்காவின் நோய்க்குக்கூட அதுதான் காரணம் என்று ஒருமுறை சொல்லிவிட்டாள்.

ஆனாலும் அம்மா கேட்டாளே என்று அந்தப் படத்தையே பதிவேற்றினாள். வேறு என்ன இருக்கிறது? அவளுடைய போனில் இருந்தவை எல்லாம் முடி கொட்டிய பிறகு எடுத்தவை. யாருக்கும் காட்டாதே என்று அக்கா கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். பதிவேற்றும்போது ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று ஒரு கட்டம் வந்தது. என் அக்கா, எங்கள் ஆல்பம், வேறு யாருடையது என்று டிக் செய்துவிட்டாள். அதன் பலன்தான் இப்போது டீயோடு வந்து நின்றது.

“படம் எங்க வீட்டுல இருக்கு. படத்துல இருக்கறது எங்க அக்கா” என்று எழுதினாள்.

“எடுத்தது யாரு?” என்று கேட்டார் அரைத்தூக்கம்.

டீயைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்டினாள். “அக்காவோட முன்னாள் கணவர்.”

“அப்போ உரிமை அவருக்குத்தான். அவர்கிட்டேயிருந்து ஒரு மின்னஞ்சல் வாங்கிடுங்க. படம் எடுத்தது நான்தான், யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம்னு அவரே எழுதணும். படத்துக்குக் கீழே அவர் பேர் வரும். சங்கடமா இருக்கும்னு புரியுது. மன்னிச்சுக்கோங்க.”

அக்காவின் முகத்துக்குக் கீழே அந்த ஆளின் பேர்! விட்டுத் தொலைத்துவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் வீட்டுக்குப் போனால் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் போனை நீட்டி, “உலகம் பூரா தெரியுதாம், எந்த நாட்டுல இருந்து பாத்தாலும் இவ சிரிக்கிறது தெரியுமாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் அது போய்விடும் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அத்தானின் கண்ணாடிக் கடைக்குப் போனாள். ஒரு சுவர் நிறைய வெறும் பிரேம்கள். அவற்றுக்கு நடுவே அத்தான் ஒரு மூக்குக்கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். ஆள் வற்றிப்போயிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார்.

“நலம் விசாரிக்க வரலை” என்றாள் சின்னவள். நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். போனில் படத்தைக் காட்டினாள்.

அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இதை நான் எடுக்கலையே” என்றார்.

“என்ன விளையாடுறீங்களா? அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காங்க.”

“கேமரா என்னோடது. எடுத்தது அவதான். அன்னைக்கு மேட்ச் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போக வரேன்னு சொல்லியிருந்தேன். போகலை. எல்லாரும் கிளம்பின பிறகு அவ மட்டும் உக்காந்திருந்திருக்கா. பையைத் தரையில வச்சு, பைமேல கேமராவ வச்சு, டைமர் போட்டு எடுத்துக்கிட்டா. அதான் கீழேயிருந்து எடுத்த மாதிரி இருக்கு.”

“அப்போ ஏன் இத்தனை வருஷமா சொல்லலை?”

“உங்க அம்மா அவ்வளவு பெருமையா சொல்லும்போது, ஆமான்னுட்டேன். அவளும் சிரிச்சுக்கிட்டு விட்டுட்டா.”

சின்னவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கோபப்படக்கூடத் தோன்றவில்லை. வந்த காரியம் முடியாமல் போகப்போகிறது என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

“பரவாயில்லை அத்தான், நீங்க எடுத்ததாவே ஒரு மெயில் போட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது? எனக்கு இதுக்குமேல முடியலை.”

சொல்லிவிட்டுத்தான், இத்தனை வருஷம் கழித்து அவரை அத்தான் என்று கூப்பிட்டுவிட்டதை உணர்ந்தாள். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“வேண்டாம்மா. அவகிட்ட சொன்ன பொய்யே போதும். இதுலயும் போய் என் பேரைப் போட்டுக்க மாட்டேன்.”

கடையை விட்டு வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அரைத்தூக்கத்துக்கு நடந்ததை எழுதினாள். கேமரா யாருடையது என்பது முக்கியமில்லை, எடுத்த ஆள்தான் முக்கியம் என்று பதில் வந்தது. அப்படியானால் உரிமை அக்காவுடையது, இப்போது அவளுடைய வாரிசுடையது. பிள்ளைகள் இல்லை, கணவரும் இல்லை, அப்பாவும் இல்லை என்றால் அம்மாதானே, அவரே எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். ‘அம்மாவுக்கு என் அனுதாபங்கள். எங்க வீட்டுலயும் ஒரு படம் இல்லாத ஆள் உண்டு’ என்று கடைசியில் ஒரு வரி. அவரைத் திட்டியதையெல்லாம் நினைத்து அவளுக்குச் சங்கடமாகிவிட்டது.

அம்மா பேரில் அனுப்ப வேண்டிய மின்னஞ்சலைப் பேருந்திலேயே தட்டி வைத்தாள். அம்மாவிடம் காட்டாமல் அனுப்பிவிடலாம்தான். அம்மாவின் மின்னஞ்சலைத் திறப்பதே அவள்தான். ஆனால், எழுதாதவர் பேரில் எழுதக்கூடாது என்று இத்தனை நாள் பாடம் படித்துவிட்டு அதைச் செய்ய மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும், “அம்மா, உன் சம்மதம் வேணும்” என்று போனை எடுத்தாள்.

“வாசி” என்றாள் அம்மா, கீரை ஆய்ந்தபடியே.

“இந்தப் படத்தை எடுத்தவர் என் மகள். அவளுடைய வாரிசு என்ற முறையில்...”

“தப்பா எழுதியிருக்கே. எடுத்தது மாப்பிள்ளை.”

“இல்லம்மா. அவரையே போய்க் கேட்டுட்டு வந்துட்டேன்.”

சொன்னாள். வராமல் போனது, பைமேல் வைத்த கேமரா, டைமர், எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கினாள். கண், பல், கண்ணோரத்துச் சுருக்கம் என்று ஒவ்வொரு இடமாக நகர்த்திப் பார்த்தாள்.

“அப்போ யாரைப் பாத்துடி இப்படிச் சிரிச்சா?”

“யாரையும் இல்லம்மா. அங்க அவ மட்டும்தான் இருந்தா.”

அம்மா இன்னும் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தனியா இருக்கும்போதா இவ்வளவு சந்தோஷமா இருந்தா?” என்றாள். அது கேள்வி மாதிரியும் இல்லை. பிறகு சின்னவளின் முகத்தைப் பார்க்காமலேயே, “நான் உன்னை என்னென்னவோ சொல்லிட்டேன்” என்றாள்.

சின்னவள் அருகில் வந்து உட்கார்ந்தாள். “அனுப்பிடவா?”

“அனுப்பு. எடுத்தவர்னு அவ பேரைப் போடுவாங்களா?”

“போடுவாங்கம்மா. கீழே, சின்ன எழுத்துல.”

“சரி. சின்ன எழுத்தானா என்ன? அவ பேர்தானே” என்ற அம்மா, போனைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கேட்டாள்.