நான்கு வரியில் ஒரு மன்னிப்பு

1

அக்கா என்னிடம் கேட்டது நான்கு வரி. மன்னிப்புக் கேட்டு நான்கே நான்கு வரி. அதை எழுத முடியாமல்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டால் எழுத்தாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏதேதோ சொல்வார்கள். இது வெட்கத்திலிருந்து பிறந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன், இனி சுற்றி வளைக்கலாம்.

அக்கா இணையத்தில் உயர்ரகத் தேயிலை விற்கிறாள். நடுவில் கடை கிடையாது, வாங்குகிறவர் வீட்டுக்கே நேராகப் போகும். பெரிய பைகளில் வரும் இலையை மாமாவும் அவளும் முன்னறை மேசையில் கொட்டிச் சின்ன டப்பாக்களில் நிரப்புவார்கள். மாமா எடை போடுவார். மூடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அக்கா முகர்ந்து பார்ப்பாள். டப்பாவில் ஒட்டும் தாளில் அந்த இலையைப் பற்றி இரண்டு வரி எழுதுவது என் பொறுப்பு.

நான் அவள் தம்பி. கதை எழுதுகிறவன். வேலை போனதும், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவள் வீட்டுக்கு வந்தவன்.*

* கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று மாமா இதுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும்.

2

முதல் தொடக்கம்: "மலைச்சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்த வேளையில் அந்த இலையை ஒரு விரல்—"

அடித்துவிட்டேன். அந்த மலையை நான் பார்த்ததே இல்லை. இந்த மாதிரி வாக்கியங்களை டப்பாவில் ஒட்டி ஒட்டித்தான் கை கெட்டுப்போயிருக்கிறது.

இரண்டாவது: "அந்த வீட்டில் ஒரு பூனை இருந்தது. ஒருநாள் அது தேயிலைப் பையின் வாயை—"

எங்கள் வீட்டில் பூனை இல்லை. பழியைப் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. பூனை என்றால் எதிர்த்துப் பேசாது.

மூன்றாவது: "மாமாவுக்கு மறதி ஜாஸ்தி. பையைத் திறந்தால் மூட—"

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மாமா வந்து என் பக்கத்தில் டீ வைத்தார். "எழுது, எழுது. நான் தொந்தரவு பண்ணல" என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அந்த வரியை இரண்டு தடவை அடித்தேன்.

3

சரி, நடந்தது இது. (பெரும்பாலும்.)

நான் வந்தபோது தேயிலைப் பைகள் இருந்த அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். பைகள் துணி துவைக்கும் மெஷின் இருக்கிற சின்ன அறைக்குப் போயின. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையைத் தேயிலை இழுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பையின் வாயையும் இறுக்கமாக மடித்து, கொடியில் துணிக்கு மாட்டும் நீல நிறக் கிளிப்பைப் போட்டு வைத்தாள். "இதை மட்டும் யாரும் தொடாதீங்க" என்று பொதுவாகச் சொன்னாள். அக்கா பொதுவாகச் சொன்னால் எனக்குச் சொல்கிறாள் என்று அர்த்தம்.

புதிதாக வந்த ஒரு பையைப் பிரித்து நிரப்ப வேண்டிய வாரத்தில் அவளுக்குச் சளி பிடித்தது. மூக்கு முழுக்க அடைப்பு. "எனக்கு ஒண்ணுமே தெரியல. நீ மோந்து பார்த்து எழுதிடு" என்றாள்.

முகர்ந்தேன். என்னவோ ஒரு பூ. அப்படி ஒரு வாசனை எந்தப் பையிலும் வந்ததில்லை. "அந்தியில் மலரும் பூவின் மென்மணம்" என்று எழுதினேன். எழுதியதும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. இப்போதும் சிலிர்க்கிறது, காரணம்தான் வேறு.

பாராட்டுகள் வந்து குவிந்தன. எல்லாம் ஐந்து நட்சத்திரம். "குடிக்கறதுக்கு முன்னாடியே தோட்டத்துக்குள்ள போயிட்டேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். என் புத்தகங்களைப் பற்றி யாரும் இப்படி எழுதியதில்லை. மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து அத்தனையையும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவரும் பாவம், முழுக்கக் கேட்டார்.

4

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் எங்களிடம் வாடிக்கையாக வாங்குகிறவர். ஒருநாள் போன் செய்தார். அக்காவின் கை முழுக்கத் தேயிலைத் தூள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, அந்த அந்திப் பூ டீ இன்னும் இருக்கா? என்கூட நடக்க வர்றவங்க எல்லாருக்கும் வேணுமாம். எங்க வீட்டுக்காரருக்கு டீயே ஆகாது. அவரே இன்னொரு டம்ளர் கேக்கறாரு!"

"இருக்கு மேடம். அனுப்பிடறேன்."

"அது என்ன பூம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கேட்டுச் சொல்றேன் மேடம்."

அவளுக்குச் சளி விட்டிருந்தது. பையிலிருந்து ஒரு பிடி இலையை எடுத்து முகர்ந்தாள். திரும்பவும் முகர்ந்தாள். நேராக என்னிடம் வந்து, "திரும்பு" என்றாள். திரும்பினேன். என் சட்டைக் காலரில் மூக்கை வைத்தாள்.

"என்னக்கா?"

"இதுதாண்டா உன் அந்திப் பூ."

துவைத்த துணிக்குக் கடைசி அலசலில் ஊற்றுகிற வாசனைத் திரவம். துணி துவைப்பது அந்த வீட்டில் என் வேலை. கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுவேன்.

மாமா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஜனங்க நல்லா இருக்குன்னுதானே சொல்றாங்க? விடேன்."

அக்கா சிரிக்கவில்லை. எடை போடும் மேசைக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "என்னை நம்பி வாங்கறவங்களுக்குத் துணி அலசின தண்ணியைக் குடிக்கக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. நான்தான். சளியோட சுத்திக்கிட்டு இருந்தேன்ல, கிளிப்பைப் போட மறந்திருக்கேன். வேற யாரு அதைத் தொடப் போறாங்க?"

யாரும் பேசவில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

"நாலு வரி எழுதிக் குடு. என் கவனக்குறைவுன்னு போடு. அந்த டப்பா வாங்கின எல்லாருக்கும் வேற டப்பா அனுப்பறப்போ உள்ள வெச்சிடலாம். அதோட ஆர்டர் எடுக்கறதை நிறுத்திடுவோம். கவனம் இல்லாதவளுக்கு இந்த வேலை எதுக்கு?"

அன்றிலிருந்து பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறாள். மூடிய டப்பாவைப் பிரித்து மறுபடி எடை போடச் சொல்கிறாள். மாமாவும் அலுக்காமல் போடுகிறார். எடை சரியாகத்தான் இருக்கிறது. அவள் நம்புவதில்லை.

5

ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தால் கதையிலிருந்து தூக்கிவிடலாம் என்பது எழுதுகிறவனுக்கு உள்ள சலுகை. இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமாக இருக்கிற பாத்திரம் 'நான்'. தூக்க வழியில்லை.

மூன்றாம் பகுதியில் ஒன்றை விட்டுவிட்டேன். (திரும்பிப் போய்த் தேடாதீர்கள், அங்கே இல்லை.) அந்தப் பையைப் பிரித்து நிரப்புவதற்கு முன் ஒரு கூட்டத்தில் என் கதைகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இருந்த ஒரே நல்ல சட்டை ஈரம். வெளியே காற்று. கொடியில் கிளிப் எதுவும் மிச்சமில்லை. அந்தப் புதுத் தேயிலைப் பையின் கிளிப்பை எடுத்து என் சட்டைக்கு மாட்டினேன். வந்ததும் திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். கூட்டத்தில் கைதட்டினார்கள். கிளிப் மறந்துபோனது.

"வேற யாரு தொடப் போறாங்க" என்று அக்கா சொன்னபோது அவள் தலைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. ஜன்னலில் கொடி. கொடியில் அந்த நீலக் கிளிப். அதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போனதும் வெளியே போய் அதைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இலை கெட்டதுகூடப் பரவாயில்லை. இதை நினைத்தால்தான் எனக்குக் கூசுகிறது.

6

அந்த நான்கு வரியை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறேன்:

"அன்புள்ள வாடிக்கையாளருக்கு, உங்களுக்கு அனுப்பிய தேயிலையில் வேறு வாசனை கலந்துவிட்டது. இதற்குக் காரணம் என் கவனக்—"

யாருடைய 'என்'?

முடிவுகளை யோசித்துப் பார்த்தேன். அக்காவிடம் சொல்கிறேன், அவள் கத்துகிறாள், நான் பெட்டியைக் கட்டுகிறேன், தேயிலைக்குப் பழைய அறை கிடைக்கிறது. நல்ல முடிவு. அக்கா சிரிக்கிறாள், மாமாவும் சிரிக்கிறார், எல்லோரும் டீ குடிக்கிறோம். இதை நம்பும்படி எழுத வரவில்லை. இன்னொன்று: நான் சொல்கிறேன். அவள் கையிலிருக்கும் டப்பாவை மூடி வைக்கிறாள். பிறகு, "சரி, விடு. யாருக்கும் சொல்லிக்கிட்டிருக்காத. என் பேர்லயே போட்டுடு" என்கிறாள். அக்கா அப்படித்தான் செய்வாள். சின்ன வயதில் நான் உடைத்ததற்கெல்லாம் அவள்தான் முன்னால் போய் நின்றிருக்கிறாள்.

இதைச் சாக்காகச் சொல்கிறேனா? ஆமாம், பாதி சாக்குதான். அவள் அடுத்த அறையில் இருக்கிறாள். அவளிடம் போகாமல் உங்களிடம் வந்திருக்கிறேன்.

நான் எழுதுகிற எதுவும் அவள் படித்துத் திருத்திய பிறகுதான் அச்சுக்குப் போகும். இந்தத் தடவை மட்டும், "நீயே டப்பாவுக்குள்ள வெச்சிடு. என்னால அதைப் படிக்க முடியாது" என்று சொல்லிவிட்டாள். நான்கு வரி இருக்க வேண்டிய இடத்தில் இந்தத் தாள்களை மடித்து வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாது. புது டப்பாவைத் திறந்த நீங்கள் அவளுக்கு முன்னால் தெரிந்துகொண்டுவிட்டீர்கள்.

டப்பாவின் அடியில் போன் நம்பர் இருக்கிறது. கூப்பிடுங்கள். அவள் கிளிப்பைப் போட மறக்கவில்லை என்று சொல்லுங்கள். என்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டுமோ, அதையும் சொல்லுங்கள். அவள் கையில் தேயிலை இருக்கும், ஸ்பீக்கரில்தான் போடுவாள். எனக்கும் கேட்கும்.