மூன்றாம் தறியை மறைத்தவன்

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் தைரியம் இருக்காது.

எனக்கு ஆர்வங்கள் அதிகம். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் முதல் காட்சி. சனிக்கிழமை, பூட்டு எப்படிச் செய்கிறார்கள், தீக்குச்சிக்கு மருந்து எப்படி முக்குகிறார்கள் என்று ஏதாவது பட்டறை வாசலில் நிற்பேன். வீட்டில் குழாய் ஒழுகினால் மட்டும் ஆள் தேடுவேன். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பாள் என் மனைவி பொன்செல்வி.*

* அவள் சொல்வது என் பதினாலு கதைகளைப் பற்றி. எல்லாமே முதல் பக்கத்தோடு நிற்கின்றன.

2

முதல் தொடக்கம்: 'சங்கரன்கோவிலில் விடிந்ததும் தறிகளின் சத்தம் ஒரு…' (ஒரு என்ன? நான் விடிந்ததும் எழுந்ததே இல்லை.)

இரண்டாவது: 'நிர்மலாதேவியின் கண்களில் சோகம்…' (பொய். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.)

நடந்தது இதுதான். கதைக்கு விஷயம் தேடி நேற்று மருதப்பனின் தறிக்கூடத்துக்குப் போனேன். அங்கே நாலு விசைத்தறிகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவர் நிர்மலாதேவி. நான் தொழிலைப் பற்றிக் கேட்டேன்; அவர் புதுப்படத்தைப் பற்றிக் கேட்டார்.

"இடைவேளைக்குப் பெறவு படம் இழுக்குதாமே, அண்ணாச்சி?"

அதற்கப்புறம் என்னை யார் நிறுத்த முடியும்? மூன்றாம் தறிக்கு முன்னால் நின்று, கையை ஆட்டி ஆட்டி முழுப்படத்தையும் சொன்னேன். எனக்குப் பின்னால் பாவில், அதாவது தறியின் நெடுக்கு நூலில், ஓர் இழை அறுந்தது. அவர் பார்ப்பதற்குள் சேலையில் ஒரு முழத்துக்குக் கோடு விழுந்துவிட்டது.

மருதப்பன் உள்ளே வந்தார். "என்னத்தம்மா பாத்துக்கிட்டு நின்ன? நாளைக்குத் தறிக்கு வேற ஆளு வாரா. நீ நூல் சுத்தப் போ."

நிர்மலாதேவி என்னைப் பார்த்தார். நான் தறியின் பல்சக்கரத்தைப் பார்த்தேன். (நல்ல பல்சக்கரம்.)

3

முடிவு அ: கதாநாயகன் உண்மையைச் சொல்கிறான். (இவனா? நம்பும்படி இல்லை.)

முடிவு ஆ: நிர்மலாதேவி அழுகிறார். (இன்று காலை போனில் அவரே இதை வெட்டிவிட்டார்.)

"கதைக்குன்னுதான வந்தீங்க, எழுதுங்க. நான் அழுத மாதிரி மட்டும் எழுதாதீங்க. பத்து மணிக்குள்ள வந்து, நாந்தான் மறைச்சுக்கிட்டு நின்னேன்னு ஓனர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. புது ஆளு வந்துட்டா எனக்குத் தறி கெடையாது. பதினோரு வருசமா நான் ஓட்டுத தறி, அண்ணாச்சி."

வெட்கமாக இருந்தது. உடனே சட்டையை மாட்டினேன். பிறகு, அந்த வெட்கத்தையே எழுதலாமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

4

மணி ஒன்பது நாற்பது. தறிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். மற்ற கதைகள் முதல் பக்கத்தில் நின்றுபோக, இது மட்டும் ஏன் இவ்வளவு தூரம் வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. எழுதிக்கொண்டிருக்கும் வரை நான் அங்கே போக வேண்டியதில்லை. நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் வரையிலும்.

முடிவை உங்களிடமே விடுகிறேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மருதப்பனிடம் போய் நீங்கள் சொல்ல முடியாது. அதனால் ஒரே ஓர் உதவி செய்யுங்கள்: இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிடுங்கள்.

இன்னும் வாசிக்கிறீர்களே. மணி ஒன்பது நாற்பத்தைந்து.